பாஜி எழுதிய கதவு

எங்கள் செக்கிங் டேபிளில் சாமிக்குப் பயப்படாதவர்கள் உண்டு. மேனேஜருக்குப் பயப்படாதவர்கள்கூட ஒன்றிரண்டு பேர் உண்டு. பாஜியின் பென்சிலுக்குப் பயப்படாதவர் என்று ஒருவரும் கிடையாது.

யாராவது ஓர் அநியாயம் செய்தால் பாஜி சண்டைக்குப் போக மாட்டார். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. கையிலிருக்கும் பீஸைத் திருப்பி, தையல் விட்டுப்போன இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டிவிட்டு, "சரிமா. கதையில எழுதிக்கறேன்" என்பார். அவ்வளவுதான். அநியாயம் செய்தவருக்கு அன்றைக்குச் சோறு இறங்காது.

திருப்பூர் நல்லூரில் ஒரு சந்துக்குள் இருக்கிறது எங்கள் பனியன் கம்பெனி. கீழே கட்டிங், முதல் மாடியில் தையல், இரண்டாம் மாடியில் செக்கிங், அயர்னிங், பேக்கிங். செக்கிங்கில் நான் பதினாலாம் நம்பர். தைத்து வரும் பீஸை உள்ளும் புறமும் பார்த்து, பிசிறு வெட்டி, குற்றம் ஒன்றும் இல்லை என்றால் கழுத்துக்கு உள்பக்கம் '14' என்று அச்சடித்த சின்ன வட்ட ஸ்டிக்கரை ஒட்டுவேன். அது கடல் தாண்டியும் கூடவே போகும். பின்னால் ஏதாவது தப்புத் தெரிந்தால் யார் கண்ணில் தவறியது என்று அந்த நம்பர் காட்டிக்கொடுத்துவிடும். பாஜி எனக்குப் பக்கத்தில், பதினைந்தாம் நம்பர்.

பாஜி என்றால் உருதுவில் அக்கா. அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. அதை நான் இங்கே எழுதப் போவதில்லை. அவர் எழுதிய புத்தகத்திலேயே அது இல்லாதபோது நான் எழுதுவது நியாயமில்லை.

அவர் பாலாற்றங்கரைப் பக்கம், தோல் பதனிடும் ஊர் ஒன்றில் பிறந்தவர். வீட்டுப் பேச்சு உருது. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி உட்கார வைத்துவிட்டார்கள். உட்கார்ந்த இடத்தில் பத்தொன்பது வயதுக்குள் ஒரு நாவல் எழுதி முடித்துவிட்டார். அந்த ஊரில் ஒரு பெண் நாவல் எழுதியது அதுதான் முதல் தடவை. அட்டையில் பெயர் போடக்கூடாது என்று வீட்டில் சொன்னதால், 'நல்ல குடும்பத்துப் பெண் ஒருத்தி' என்று மட்டும் அச்சாகியிருந்தது. பதினைந்து வயதில் கணவனை இழந்த ஒரு பெண், மறுபடி பள்ளிக்கூடம் போக வேண்டும் என்று கேட்பது கதை. ஊரில் ஒரு பெரிய வீட்டுக்காரர்கள் தங்கள் வீட்டுக் கதவையும் தங்கள் குரலையும் அதில் அடையாளம் கண்டுகொண்டார்கள்.

"யார் அந்த நல்ல குடும்பத்துப் பொண்ணுன்னு கண்டுபிடிக்க மூணு நாள் ஆச்சுமா" என்று பாஜி ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் சொன்னார். "அவ நல்ல குடும்பத்துப் பொண்ணே இல்லைன்னு முடிவு பண்ண மூணு நிமிசம் ஆச்சு."

நாங்கள் சிரித்தோம். அவரும் சிரித்தார். பிறகு, அத்தனை புத்தகத்தையும் வாங்கிப் போய்த் தோல் ஊறும் சுண்ணாம்புத் தொட்டியில் போட்டுவிட்டார்கள் என்றார். "மாட்டுத் தோல்ல இருக்கற முடியே அதுல போயிடும். எழுத்து எந்த மூலைக்கு?" என்று சொல்லிக்கொண்டே டிபன் பாக்ஸைக் கழுவப் போனார். எங்களுக்கு அதற்கு மேல் சிரிப்பு வரவில்லை.

கணவரோடு திருப்பூருக்கு வந்து, கணவர் போய்ச் சேர்ந்த பிறகு எங்கள் கம்பெனிக்கு வந்தவர் அவர். இரண்டாவது நாவலை, அதையும் உருதுவில்தான், எழுத ஆரம்பித்தது இங்கேதான். செக்கிங் டேபிளில் பேனா கொண்டுவரக் கூடாது, வெள்ளைத் துணியில் மை பட்டால் பீஸ் போய்விடும். அதனால் பென்சில். கட்டிங்கில் துணி மேல் விரிக்கிற வெள்ளைக் காகிதச் சுருளின் கடைசியில் வெறும் துண்டுகள் மிஞ்சும். என் சித்தப்பா மகள் அங்கே இருந்ததால் அதை வாங்கி வந்து கொடுப்பது என் வேலை. டேபிளுக்கு அடியில் இரண்டு அட்டைப்பெட்டிகள் இருந்தன. ஒன்றில் வெறும் காகிதம், இன்னொன்றில் எழுதியது. சாப்பாட்டு நேரம் அரை மணி. பாஜி ஐந்து நிமிடத்தில் சாப்பிட்டுவிட்டு எழுதியதைப் படிப்பார். முதலில் வடக்கத்திப் பெண்களுக்காக உருதுவில், அப்புறம் எங்களுக்காகத் தமிழில். கதாநாயகி மரியம், செருப்புக்கு மேல்தோல் தைக்கும் கம்பெனியில் வேலை செய்கிறவள். ஆனால் அந்தக் கம்பெனியில் நடப்பதெல்லாம் எங்கள் கம்பெனியில் நடப்பதாகவே இருக்கும்.

கட்டிங் மாஸ்டர் ஒருவர் இருந்தார். துணி எடுத்துக் கொடுத்து மடித்து அடுக்குகிற கைமடிப் பெண்களை அவர் ஒரு நாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'ஏய்' என்பார், இல்லாவிட்டால் விசில். ஒரு நாள் பாஜியையே விசில் அடித்துக் கூப்பிட்டார். பாஜி வழக்கம்போலச் சொன்னார்.

"எழுதுங்கம்மா, எழுதுங்க. கதாநாயகனா போடுங்க" என்று அவர் சிரித்தார்.

கதையில் விசில் அடிக்கும் மேஸ்திரி ஒருவன் வந்துவிட்டான். மூன்றாவது வாரம் அவனுக்கு வெட்டு மிஷினில் விரல் போயிற்று. நாங்கள் கைதட்டிக் கேட்டோம். சொல்லவே வாய் கூசுகிறது, அடுத்த மாதமே எங்கள் கட்டிங் மாஸ்டருக்கு இடது ஆள்காட்டி விரலில் ஒரு கணு போய்விட்டது. ரத்தத் துணியோடு அவரை ஆட்டோவில் ஏற்றும்போது, நாங்கள் எல்லோரும் மேலே ஜன்னலில் நின்றுகொண்டு கீழே பார்க்காமல் பாஜியைப் பார்த்தோம். அன்று அவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட யாரும் வரவில்லை. நானும் போகவில்லை.

பாஜி எழுந்து என்னிடம் வந்தார். "தெய்வானை, இரும்பு வலைக் கையுறை ஒண்ணு அங்க ஆணியில தொங்குது. அவரு ஒரு நாள்கூட அதைப் போட்டதில்ல. காலையில வரும்போதும் போகும்போதும் பாத்துக்கினுதான் இருக்கேன். நீங்களும் அந்த வழியாத்தானே வர்றீங்க?"

உண்மைதான். அந்த ஆணியைத் தாண்டித்தான் நாங்கள் எண்பது பேரும் மாடி ஏறுகிறோம். கையுறை தொங்குவது ஒருவர் கண்ணிலும் பட்டதில்லை. மந்திரம் மாயம் ஒன்றும் இல்லை, மற்றவர்கள் தாண்டிப் போவதை அவர் நின்று பார்த்தார். இது புரிந்த பிறகு எனக்குப் பயம் குறைந்திருக்க வேண்டும். அதிகமாகத்தான் ஆயிற்று.

கட்டிங் மாஸ்டர் கட்டுப் பிரித்து வந்த நாளிலிருந்து கையுறை இல்லாமல் மிஷினைத் தொடவில்லை. விசிலும் நின்றுபோனது. நடுநடுவே மாடிக்கு ஆள் அனுப்பி, "கதையில அந்த மேஸ்திரி இப்ப எப்படி இருக்கறானுங்க?" என்று விசாரிப்பார்.

நூரியின் விஷயத்தையும் சொல்ல வேண்டும். பீகாரிலிருந்து வந்து முதல் மாடியில் ஓவர்லாக் மிஷினில் தைத்துக்கொண்டிருந்த பெண், பதினெட்டு வயது. அ, ஆ தெரியாது, எந்த மொழியிலும். டெய்லர் சாக்பீஸால் டேபிள் மேலேயே உருது எழுத்துகளை எழுதிக் காட்டி, துணியால் துடைத்து, மறுபடி எழுதி, சாப்பாட்டு நேரத்தில் கடைசிப் பத்து நிமிடம் அவளுக்குப் பாஜி சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். கதையில் அப்போது மரியமின் தங்கைக்கு நிக்காஹ். திரைக்கு இந்தப் பக்கம் சாட்சிகள் வந்து, சம்மதமா என்று கேட்கிறார்கள். பெண்கள் தலையைக் குனிந்துகொள்வார்கள், அதையே சம்மதம் என்று எடுத்துக்கொள்வது வழக்கமாம். மரியமின் தங்கை தலையை நிமிர்த்தி, இல்லை என்கிறாள். பாஜி அந்த இடத்தை உருதுவில் படித்தபோது வடக்கத்திப் பெண்கள் ஒருத்தி கையை ஒருத்தி பிடித்துக்கொண்டார்கள்.

பெருநாளுக்கு ஊருக்குப் போன நூரிக்கு, அவளைவிட இருபது வயது மூத்த ஒருவரை நிச்சயம் செய்து வைத்திருந்தார்கள். திரைக்கு இந்தப் பக்கம் சாட்சிகள் வந்து கேட்டபோது, அவள் தலையை நிமிர்த்தி இல்லை என்று சொல்லிவிட்டாள். இரண்டு தோழிகளோடு ரயில் ஏறி இங்கேயே வந்துவிட்டாள். ஒரு மாதம் கழித்து அவள் அண்ணன் வந்து கம்பெனி கேட்டில் நின்றான். அவளுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தது யார் என்று தெரிந்தாக வேண்டும் என்றான். வாட்ச்மேன் மாடிக்கு வந்து கிசுகிசுத்தார். நாங்கள் எல்லோரும் தலையைக் குனிந்து பிசிறு வெட்டினோம். பாஜி கையைத் துடைத்துக்கொண்டு தனியாகக் கீழே போனார்.

நான் படிக்கட்டில் பாதி இறங்கி ஒளிந்து பார்த்தேன். பாஜி கையில் அந்தக் காகிதம் இருந்தது. கேட்டில் நின்றபடியே அந்த அத்தியாயத்தை அவனுக்கு முழுதாகப் படித்துக் காட்டினார். அவன் கத்தினான், கம்பியை உதைத்தான், அப்புறம் அடங்கி நின்று கேட்டான். போகும்போது என்னவோ கேட்டான், பாஜி ஒரே வரியில் பதில் சொன்னார்.

"என்னங்க பாஜி கேட்டான்?"

"கதையில அந்தப் பொண்ணோட அண்ணன் என்ன பண்ணினான்னு கேட்டான்மா. இன்னும் எழுதல, உன்னைப் பாத்துட்டுத்தான் எழுதணும்னேன்."

அவன் அதற்குப் பிறகு வரவில்லை. வருவான் வருவான் என்று நாங்கள்தான் பல மாதம் கேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

இனி கதவுக்கு வருகிறேன்.

எங்கள் இரண்டாம் மாடியின் பின்பக்கம் ஓர் இரும்புக் கதவு உண்டு. அதைத் திறந்தால் வெளியே இரும்புப் படி, கீழே சந்து. நெருப்புப் பிடித்தால் ஓடுவதற்காக வைத்தது. பீஸ் காணாமல் போகிறது என்று ஒரு சமயம் பேச்சு வந்தது, அன்றிலிருந்து அதற்குப் பூட்டு. சாவி மேனேஜரின் டிராயரில். பூட்டின கதவுதானே என்று அதன் முன்னால் அட்டைப்பெட்டிகளை அடுக்க ஆரம்பித்தார்கள். நாளடைவில் அங்கே கதவு இருப்பதே எங்களுக்கு மறந்துபோனது. பாஜிக்கு மறக்கவில்லை.

"சார், அந்தக் கதவு" என்று மேனேஜரிடம் கேட்டார்.

"ஆமாங்கம்மா. பாத்துக்கலாமுங்க."

இன்னும் இரண்டு தடவை கேட்டார். இரண்டு தடவையும் அதே பதில், அதே மரியாதை. எங்கள் பக்கத்தில் மாட்டேன் என்பதைக்கூட 'ங்க' போட்டுத்தான் சொல்வார்கள். மிரட்டுவதும் அப்படித்தான். நான்காவது தடவை பாஜி கேட்கவில்லை, கதையில எழுதிக்கறேன் என்று மட்டும் சொன்னார்.

அடுத்த நாள் சாப்பாட்டு நேரத்தில் படித்தார். மரியமின் கம்பெனியில் பின்கதவு பூட்டியிருக்கிறது. சாவி ஒருவர் டிராயரில் இருக்கிறது, அவர் மதியம் வெளியே போய்விடுவார். 'புகை வந்தால் நாங்கள் முதலில் அங்கேதான் ஓடுவோம், ஏனென்றால் அங்கே கதவு என்று எழுதி அம்புக்குறி போட்டிருக்கிறது' என்று மரியம் சொல்கிறாள். விரல் போன கதை எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது. எங்களுக்கு வாய்க்குள் போன சோறு அப்படியே நின்றது.

"பாஜி, அதை மட்டும் அழிச்சுப் போடுங்க. புண்ணியமாப் போகும்" என்றேன்.

"பென்சில்தானேமா. யாராவது கதவைத் தொறந்தா அந்த நிமிசமே அழிச்சிடறேன்."

யாரும் திறக்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை. பாஜியின் வாயை அடைக்கத்தான் எல்லோரும் பார்த்தோம், பெட்டியை நகர்த்த ஒரு கை நீளவில்லை.

அப்புறம்தான் நான் அந்தத் தப்பைச் செய்தேன். ஒரு ஷிப்மெண்ட் நாள். மடிக்கும் ஒவ்வொரு பீஸுக்குள்ளும் மெல்லிய வெள்ளைக் காகிதம் வைக்க வேண்டும் என்பது சரக்கு வாங்கும் அந்த வெளிநாட்டுப் பையரின் கண்டிப்பு. மத்தியானத்துக்குள் காகிதம் தீர்ந்துவிட்டது, லாரி கீழே நிற்கிறது. பேக்கிங் இன்சார்ஜ் மாடி முழுக்க ஓடி, "வெள்ளையா எந்தக் காயிதம் இருந்தாலும் குடுங்க, நாலு ஓரமும் வெட்டிக்கலாம்" என்று கத்தினார். பாஜி அன்றைக்கு லீவு. டேபிளுக்கு அடியில் வெறும் காகிதம் இருந்தது ஞாபகம் வர, ஒரு பெட்டியை இழுத்துத் தள்ளிவிட்டேன். லேசான பென்சில் எழுத்து, அவசரத்தில் யார் பார்த்தார்கள்? சரசரவென்று வெட்டி, வைத்து, மடித்து, கவரில் போட்டு, டேப் ஒட்டி அனுப்பியாயிற்று. சாயங்காலம்தான் பார்த்தேன், வெறும் காகிதப் பெட்டி அப்படியே கிடந்தது.

மறுநாள் பாஜியிடம் அழுதுகொண்டே சொன்னேன். அவர் குனிந்து பெட்டியின் அடியில் தங்கிய சில தாள்களை எடுத்துப் பார்த்தார்.

"கதவு போயிடுச்சு" என்றார். தாள்களைப் பெட்டியிலேயே திரும்ப வைத்தார். பிறகு என் தோளில் கை வைத்தார். "மொத புத்தகம் சுண்ணாம்புல போச்சு. இதை நீ கப்பல்ல ஏத்திட்ட. பரவால்லமா, அதுக்கு இது தேவல."

ஒன்றரை மாதம் கழித்து மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார். டீ வரவழைத்தார். பத்து வருடத்தில் அந்த அறையில் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. தன் போனை என் பக்கம் திருப்பினார். போட்டோவில் கசங்கிய காகிதம், அதில் பாஜியின் எழுத்து. பக்கத்தில் டீ சர்ட்டின் கழுத்தைத் திருப்பிப் பிடித்திருக்கிறார்கள், அதில் '14'.

"இது உங்க நம்பருங்களா அக்கா?"

"ஆமாங்க."

"வாங்கினவங்க அங்க யாரையோ புடிச்சுப் படிச்சுட்டாங்க. கதவு பூட்டியிருக்குது, நாங்க சாகப் போறோம்னு எழுதியிருக்குதாமா. வர்ற வியாழக்கெழம கம்பெனியச் சோதிச்சுப் பாக்க ஆடிட்டுக்கு ஆள் வர்றாங்க. உங்களைத்தானுங்க மொதல்ல கேப்பாங்க." அவர் எனக்கு டீயை நகர்த்தி வைத்தார். "இந்தப் பையர் போயிட்டா ரெண்டாம் மாடியே கிடையாதுங்க அக்கா. எண்பது பேரு. சரி, உங்கூட்டுக்காரருக்கு இடுப்பு இப்ப எப்படி இருக்குதுங்க?"

என் வீட்டுக்காரர் சாயப்பட்டறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்து வீட்டோடு இருக்கிறார். மகள் அப்போது பாலிடெக்னிக்கில் முதல் வருடம். மேனேஜருக்கு எல்லாம் தெரியும். அவர் கதவு வரை வந்து வழியனுப்பினார்.

புதன்கிழமை பெட்டிகள் எல்லாம் கீழே போயின. பூட்டு காணாமல் போனது. வியாழன் காலையில் கதவுக்குப் பச்சைப் பெயிண்ட் அடித்தார்கள். வந்த மூன்று பேரில் ஒருத்தி சென்னைப் பெண், தமிழில் கேட்டாள். இன்னொருத்திக்கு உருது தெரியும். தனி அறையில்தான் பேசினார்கள், மேனேஜர் உள்ளே இல்லை. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அவர் தலை மட்டும் தெரிந்தது.

"இது என்னம்மா?"

"கதைங்க. பக்கத்துல இருக்கற அக்கா கதை எழுதுவாங்க. காயிதம் மாறிப் போயிருச்சுங்க, நான்தான் எடுத்துக் குடுத்தனுங்க."

அதுவரைக்கும் நான் சொன்னது அத்தனையும் உண்மை.

"இங்கே அந்தப் பின்கதவு பூட்டியிருக்குமா?"

"இல்லீங்க. எப்பவும் தொறந்துதான் இருக்குமுங்க."

எனக்கு அப்புறம் பாஜியைக் கூப்பிட்டார்கள். ரொம்ப நேரம் கழித்துத் திரும்பி வந்து பதினைந்தாம் நம்பரில் உட்கார்ந்தார். "என்னங்க பாஜி சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"எழுதினது நான்தான்னு சொன்னேன். கதைதான்னு சொன்னேன். கதவைப் பத்திக் கேட்டாங்க. போய்த் தொட்டுப் பாருங்க, பெயிண்ட் கையில ஒட்டும்னு சொன்னேன்."

ஒட்டியதோ என்னவோ. மற்றவர்கள் எல்லோரும் ஒரு மாதிரி சொல்ல, ஒருத்தி மட்டும் வேறு மாதிரி சொன்னால் எழுதிக்கொள்கிறவர்கள் எதை எழுதுவார்கள்? சாயங்காலம் கைகுலுக்கிவிட்டுப் போய்விட்டார்கள். நான் பாஜியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். கதையில எழுதிக்கறேன் என்று அவர் சொல்லியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர் சொல்லவில்லை. அடுத்த பத்து நாளும் சாப்பாட்டு நேரத்தில் படித்துக் காட்டாமல் எழுதிக்கொண்டே இருந்தார்.

பதினோராம் நாள் பூட்டு திரும்ப வந்தது, அதன் பின்னாலேயே பெட்டிகளும் வந்தன. அந்தச் சனிக்கிழமை மேனேஜர் மாடிக்கு வந்து, "திங்கக்கெழமைல இருந்து நீங்க சிரமப்பட வேண்டாமுங்கம்மா" என்று பாஜியிடம் கை கூப்பிச் சொன்னார்.

பாஜி டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு, பாலிதீன் கவரில் போட்ட ஒரு கட்டுக் காகிதத்தை என் மடியில் வைத்தார்.

"நூரி நல்லாப் படிக்கக் கத்துக்கட்டும். அப்ப அவளைப் படிக்கச் சொல்லிக் கேளு."

"என்னை எழுதிட்டீங்களா பாஜி?"

"எழுதாம இருப்பேனா?" என்றார். கோபமே இல்லை அந்த முகத்தில். கோபம் இருந்திருந்தால் நான் அந்தக் கட்டை அன்றைக்கே பிரித்திருப்பேன்.

அவர் எங்கே போனார் என்று தெரியாது. சோமனூர்ப் பக்கம் தறிக்காரர் வீடுகளில் பெண்களைச் சேர்த்து வைத்துப் படித்துக்காட்டுகிறார் என்று ஒருத்தி சொன்னாள். பாலாற்றங்கரைக்கே போய்விட்டார் என்றாள் இன்னொருத்தி. போன் நம்பர் வேலை செய்யவில்லை. எங்கே இருந்தாலும் அங்கே யாருக்கோ சோறு இறங்காது என்பது மட்டும் நிச்சயம்.

நூரி ஒரு வருடத்தில் படிக்கக் கற்றுக்கொண்டாள். எனக்கு அது தெரியும். கட்டு என் பீரோவில் சேலைக்கு அடியில் கிடந்தது. வருடா வருடம் ஆடிட் வந்தது. முதல் தடவை நான் சொன்னது எடுபட்டதால், ஒவ்வொரு தடவையும் மேனேஜர் என்னைத்தான் முன்னால் நிறுத்தினார். எப்பவும் தொறந்துதான் இருக்குமுங்க. நாலு வருடத்தில் எத்தனை பேரிடம் சொன்னேனோ. முதலில் தரையைப் பார்த்துச் சொன்னேன், அப்புறம் முகத்தைப் பார்த்தே சொல்லப் பழகிவிட்டது. சாப்பிட்டாச்சா என்று கேட்டால் ஆச்சுங்க என்று சொல்வதைப்போல அது தானாக வந்தது.

போன மாதம் ஒரு நாள் மத்தியானம், அயர்னிங் டேபிளில் ஒயர் கருகி மாடி முழுக்கப் புகை. பெரிதாக ஒன்றும் இல்லை, மெயினை அணைத்ததும் நின்றுவிட்டது. ஆனால் அந்த இரண்டு நிமிடம் எல்லோரும் அலறிக்கொண்டு முன்படிக்கு ஓடினார்கள். நான் ஓடவில்லை என்று சொல்ல முடியாது. ஓடினேன். புகைக்குள் கையை நீட்டிக்கொண்டு பின்பக்கம் ஓடி, பெட்டிகளில் மோதி விழுந்து, எழுந்து, பெட்டிகளைப் பிறாண்டிக்கொண்டு நின்றேன். கீழ் மாடியிலிருந்து ஏறி வந்த நூரிதான் என் ஜாக்கெட்டைப் பிடித்து முன்பக்கம் இழுத்துப் போனாள்.

"அக்கா, ஏனுங்க அங்க ஓடினீங்க?" என்று கீழே சந்தில் நின்று கேட்டாள். இப்போது அவள் லைன் சூப்பர்வைசர், தமிழ் எங்களைப் போலவே பேசுகிறாள். நான் சேலையில் ஒட்டியிருந்த அட்டைத் தூசியைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அவளை வீட்டுக்கு வரச் சொல்லி கட்டைக் கொடுத்தேன். அவள் விரல் வைத்துப் படித்து, ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னாள். மரியமுக்குப் பக்கத்தில் ஒரு தோழி உட்கார்ந்திருக்கிறாள். நல்லவள். காகிதம் கொண்டுவந்து தருகிறவள். அவளிடம் வந்து கேட்கிறார்கள், கதவு திறந்திருக்கிறது என்று சொல்கிறாள். அடுத்த வருடமும் கேட்கிறார்கள், அடுத்த வருடமும் சொல்கிறாள். நூரி அந்த இடத்தில் நிறுத்தி என்னைப் பார்த்தாள். படி என்றேன்.

"ஒரு நாள் பொகை வருது. எல்லாரும் முன்வாசலுக்கு ஓடறாங்க. இவ மட்டும் பின்னால ஓடறா. தொறந்திருக்குதுன்னு அத்தனை தடவை சொல்லி, சொல்லி, இவளே நம்பிட்டா."

அறைக்குள் என் வீட்டுக்காரர் டிவி பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்புறம்?"

நூரி தாளைத் திருப்பினாள். அடுத்ததையும் திருப்பினாள். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். "அப்புறம் எழுதலீங்க அக்கா. இந்த மூணு தாளும் வெறும் தாளுங்க."

அந்த மூன்று தாள்களும் நான் கட்டிங்கிலிருந்து வாங்கி வந்து கொடுத்தவை. திங்கட்கிழமை அவற்றைக் கம்பெனிக்கு எடுத்துப்போனேன். பூட்டு அப்படியே இருந்தது, பெட்டிகளை இன்னும் ஓர் அடுக்கு ஏற்றியிருந்தார்கள். மேனேஜரிடம் போய், கதவுங்க என்றேன். பாத்துக்கலாமுங்க அக்கா என்றார். இன்னும் இரண்டு நாள் கேட்டேன். அதே பதில், அதே மரியாதை.

வியாழக்கிழமை மூன்று தாள்களையும் மடிக்கும் அளவுக்கு வெட்டினேன். பென்சிலை அழுத்திப் பிடித்துத் தமிழில் எழுதினேன். 'இரண்டாம் மாடியில் பின்கதவு பூட்டியிருக்கிறது. சாவி மேனேஜர் டிராயரில். திறந்திருக்கிறது என்று நாலு வருடமாகச் சொன்னது நான்தான். இது கதையல்ல. தெய்வானை, செக்கிங், நம்பர் 14.' எல்லாத் துண்டிலும் அதையே எழுதினேன். பேக்கிங்கில் கைகொடுக்கிற சாக்கில், மடிக்கும்போது நான் பாஸ் பண்ணின பீஸ்களில் ஒவ்வொன்றாக வைத்து, ஸ்டிக்கர் நன்றாக ஒட்டியிருக்கிறதா என்று பார்த்து அனுப்பினேன். தமிழ் படிக்கிறவர்கள் இல்லாத ஊர் உண்டா என்ன.

லாரி போய் இன்றோடு பதினெட்டு நாள். கப்பல் இப்போது கடலில் இருக்கும். நேற்று மேனேஜர் எங்கள் டேபிள் பக்கம் வந்தார்.

"அக்கா, ஏனுங்க பென்சிலெல்லாம் வச்சிருக்கறீங்க?"

"கதை எழுதறனுங்க" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. பெட்டிகள் அடுக்கியிருந்த பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்.